லேசாக ஒரு கிளாஸ்

மாமா குடியை விட்டதில் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் பெருமை. அதில் இரண்டு பேருக்குப் பயமும் உண்டு.

பெருமைக்குக் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமா லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் மத்தியானம் போதையில், பழுது பார்க்கப் போன லிஃப்ட் கூண்டின் தலைமேலேயே படுத்துத் தூங்கிவிட்டார். கீழே யாரோ பொத்தானை அழுத்த, கூண்டு அவரைச் சுமந்துகொண்டு கடைசி மாடிவரை போயிற்று. உச்சிக் கூரைக்கும் அவர் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இடம் மிச்சம் இருந்ததால் பிழைத்தார். காண்ட்ராக்டர் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு கொஞ்ச காலம் வீட்டில் இருந்தபடியே இன்னும் கேவலமாகக் குடித்தார். பிறகு ஒரு காலை, யாரும் கேட்காமல், சாமி வந்தவர் போலவும் இல்லாமல், பல் துலக்கிக்கொண்டே, "போதும்" என்றார். அவ்வளவுதான். தொடவில்லை.

பயத்துக்குக் காரணம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை.

'போதும்' என்று மாமா சொன்னது அது முதல் தடவை இல்லை. ஏற்கனவே நாலைந்து 'போதும்' பார்த்தவள் அவர் மனைவி, அக்கா. மறுநாளே தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் போய் நின்றாள். அவர் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது உடம்புல இருக்கிறப்போ ஒரு வாய் சரக்கு உள்ள போனாலும் ஆள் துடிச்சுப் போயிடுவார். பயந்து விட்டுடுவார். ஆனா டாக்டர்கிட்டக் கேக்காம, அவருக்குச் சொல்லாம, குடுத்துடாதீங்கம்மா." அக்கா முன்பாதியைக் காதில் வாங்கிக்கொண்டாள். பின்பாதியைக் கடை மேசைமேலேயே விட்டுவிட்டு வந்தாள்.

மாத்திரை காலைக் காப்பியில் போயிற்று. முதல் நாள் அக்கா நுணுக்கியது சரியாகக் கரையாமல் வெள்ளைத் துகளாக மிதந்தது. பதறிப்போய்த் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து மாவாக அரைத்து, சர்க்கரையோடு சேர்த்துக் கலக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. எதையும் அளந்து, சரிபார்த்து, மறுபடி அளந்து பார்க்கிறவள் அவள். மாமா அவளுக்கு வைத்திருந்த பெயரே 'அளவுகோல்'.

பகலில் அளவுகோல் ஒரு விருந்து மண்டபத்தில் மேசை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். மாலையில், அதே மாதிரி மண்டபங்களில் பானம் கலந்து பரிமாறுவதற்கான வகுப்புக்குப் போய்வந்தாள். இஸ்திரிப் பெட்டியின் பின்னாலிருந்து பானம் கலக்கும் மேசையின் பின்னால் போய் நின்றுவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. வகுப்பு வாத்தியார் முதல் நாளே சொல்லியிருந்தார்: "கடுமையான சரக்குல நீங்க பண்ற தப்பைச் சரக்கே மறைச்சிடும். லேசான பானத்துல மறைக்க ஒண்ணும் இருக்காது. உங்க கைதான் தெரியும்." தேர்வுக்கு அவளுக்கு வந்தது அந்த லேசான வகைதான். ஒயின் கொஞ்சம், பழம் நிறைய. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கிற மாதிரி.

ஒரு காலை அடுக்களையில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அக்காவிடம் கேட்டாள்.

"அக்கா, இதை நிறுத்திடலாமே. இத்தனை நாள்ல அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா என்ன அர்த்தம்? அவர் தொடவே இல்லைன்னுதானே. மாத்திரை வேலையே செய்யலை. அவராத்தான் விட்டிருக்கார்."

"குடை பிடிச்சிக்கிட்டு நடக்கிறோம். மழை வரலை. அதுக்காகக் குடையைத் தூக்கிப் போட்டுடுவியா?"

"குடை பிடிச்சிருக்கிறது அவருக்கே தெரியாதேக்கா."

"தெரிய வேணாம். அவர் தலை நனையாம இருந்தாப் போதும் எனக்கு." அக்கா காப்பியை வாங்கி, தானே ஒரு தடவை கலக்கினாள். "நீ வாயைத் திறந்தே, அவ்வளவுதான். 'உன் மேல நம்பிக்கை இல்லை'ன்னு முகத்துக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும். அன்னிக்கே போய்க் குடிப்பார்."

இரண்டு பக்கமும் சரியாக இருக்கிற மாதிரி தோன்றினால் அவளுக்கு நாக்கு எழாது. கரண்டியைக் கழுவி வைத்தாள்.

*

காண்ட்ராக்டர் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். வேலையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டுமாம். அதுவும் வீட்டில் வைத்து. "வெளிய எல்லாரும் நல்லவன்தான். வீட்டுல எப்படி இருக்கான்னு பாக்கணும்" என்றாராம்.

சேதி வந்த அன்றைக்கே மாமா முடிவு செய்துவிட்டார்.

"அளவுகோல், உன் பரீட்சைப் பானத்தை அவருக்குப் போட்டுக் குடு."

அக்காவின் கையில் இருந்த கிண்ணம் மேசையில் கொஞ்சம் சத்தமாக உட்கார்ந்தது. "இந்த வீட்டுல எதுக்குங்க அந்தச் சனியன்? காப்பி குடுத்தா ஆகாதா?"

"காப்பி குடுத்தா என்ன நினைப்பார்? 'இவன் கண்ணுல பட்டாலே விழுந்துடுவான், அதான் பொண்டாட்டி ஒளிச்சு வச்சிருக்கா'ன்னு நினைப்பார். மேசை மேல வை. நானே என் கையால எடுத்து நீட்டுறேன். என் கை நடுங்குதா இல்லையான்னு அவரே பாக்கட்டும்."

"யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும்பாங்க."

"யானைக்கு அது குளிர்ச்சிம்மா" என்றார் மாமா. அதற்கு அக்காவும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரம் முழுக்க மாமாதான் அளவுகோலுக்கு எடுபிடி. ஐஸ் கட்டி வாங்கி வந்தார். அன்னாசியைத் தோல் சீவி, கண் எடுத்து, ஒரே அளவில் நறுக்கிக் கொடுத்தார். ஸ்பேனர் பிடித்த கைக்குக் கத்தியும் வசப்பட்டது. ஒயின் இல்லாமல், வெறும் பழத்தையும் சோடாவையும் கலந்து அவள் பழகும்போது எதிரில் உட்கார்ந்து பெரிய ரசிகர் மாதிரி உச்சுக்கொட்டுவார். "சோடாவை மேலேருந்து ஊத்தாதேன்னு வாத்தியார் சொன்னாருன்னியே. இப்ப என்ன அருவியா கொட்டுது?" என்பார். அவர் அப்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து வம்பளப்பதைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

*

காண்ட்ராக்டர் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வந்தார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரை, ஜன்னலை, மாமாவின் நகங்களை. மாமா அன்றைக்கு நகம் வெட்டி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். இஸ்திரி போட்டவள் அடுக்களையில் இருந்தாள்.

அவள் வகுப்பில் சொன்ன வரிசை மாறாமல் செய்தாள். கிளாஸ்களை முதலில் ஐஸ் போட்டுக் குளிரவைத்தாள். அன்னாசித் துண்டுகளை மரக்குழவியால் நசுக்கி, சக்கையை வடிகட்டினாள். ஆரஞ்சுச் சாறு அதில் பாதி. எலுமிச்சை ஒரு பிழிவு. வெள்ளை ஒயினை, இரண்டு பக்கமும் வாய் வைத்த அளவுக் கிண்ணத்தின் சின்னப் பக்கத்தால் அளந்து ஊற்றினாள். எல்லாவற்றையும் மூடிய குவளையில் ஐஸோடு குலுக்கி, வடித்து, சோடாவைக் கிளாஸின் உள்சுவரோடு வழியவிட்டாள். புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி மேலே செருகினாள். மஞ்சளும் வெளுப்புமாக, விளிம்பில் பனி பூத்து நின்றது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று தோன்றியது. உடனே, நன்றாக வந்தது போல் தோன்றுவதுதான் கெட்ட அறிகுறியோ என்றும் தோன்றியது.

தட்டை அவள் கொண்டுபோக, மாமா எழுந்து கிளாஸை எடுத்துக் காண்ட்ராக்டரிடம் நீட்டினார். கை நடுங்கவில்லை. எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள்.

காண்ட்ராக்டர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். "பலே. உன் மச்சினி கைராசிக்காரிதான். பழச்சாறு மாதிரிப் போகுது." பிறகு கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு?"

"நான் விட்டுட்டேன் சார்."

"தெரியும்ப்பா. அதைத்தான் யோசிக்கிறேன்." அவர் குரல் இன்னும் மெல்லியதாயிற்று. "தப்பா எடுத்துக்காதே. இருபது வருஷமா ஆளுங்களை வச்சு வேலை வாங்குறேன். அடியோட விட்டவன் ஒரு நாள் உடைஞ்சா அணை உடைஞ்ச மாதிரிதான். ஒண்ணு குடிச்சிட்டு, போதும்னு கிளாஸைக் கவுத்து வைக்கிறான் பாரு, அவனை நம்பி நான் லிஃப்ட் கயித்தைக் குடுப்பேன். இது என்ன, சரக்கா? குழந்தை குடிக்கிற தண்ணி. ஒண்ணு எடுத்துக்கோ. நான் பாத்துக்கிறேன்."

"அவருக்கு வயிறு சரியில்லைங்க" என்றாள் அக்கா, கொஞ்சம் அவசரமாக.

"எனக்கு என்ன வயிறு?" மாமா சிரித்தார். அவமானத்தில் கழுத்து வரை சிவந்திருந்தார். "காலைலதானே ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். போடு அளவுகோல், எனக்கும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. சார் பாக்கட்டும்."

அடுக்களைக்கு அக்கா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"தடுக்கி விழு. எல்லாத்தையும் கொட்டிடு."

"மறுபடி போடச் சொல்வாரேக்கா."

"ஒயின் தீந்துடுச்சுன்னு சொல்லு."

"பாட்டில்ல நிறைய இருக்கிறது மாமாவுக்குத் தெரியுமேக்கா." அளவுகோல் குரலைத் தாழ்த்தினாள். "நீ போய் உண்மையைச் சொல்லிடுக்கா. தனியாக் கூப்பிட்டுச் சொல்லு."

அக்கா கதவிடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். புது மாப்பிள்ளை மாதிரி. அக்கா தலையை ஆட்டினாள், முடியாது என்று.

அப்போதுதான் அளவுகோலுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் அவள் சந்தோஷப்பட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு அது ஒரு தேர்வுக் கேள்வி மாதிரி ஆகிவிட்டது: ஒயின் இல்லாமல் ஒயின் செய்.

குலுக்கிய குவளையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். அளவுக் கிண்ணத்தையும், வடிகட்டியையும். ஒயினுக்குப் பதில் வெள்ளைத் திராட்சைச் சாறு. அது வெறும் தித்திப்பு. ஒயினின் துவர்ப்பு வேண்டுமே. காலையில் மிஞ்சிய பாலில்லாத தேநீர் ஆறிப் போய் இருந்தது. அதில் இரண்டு கரண்டி. புளிப்புக்கு வினிகர் சேர்க்கலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் வினிகர்கூடக் கூடாது என்று மாத்திரை அட்டையோடு வந்த தாளில் போட்டிருந்தது நினைவு வந்து, எலுமிச்சையோடு நிறுத்திக்கொண்டாள். தொண்டையில் அந்தச் சூடு? இஞ்சி. துளி இஞ்சிச் சாறு. நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவளே ஏமாந்துவிடுவாள் போலிருந்தது.

கிளாஸைத் தட்டில் வைக்காமல் தன் கையாலேயே மாமாவின் கையில் கொடுத்தாள்.

அவர் முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகக் குடித்தார். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், அக்கா முந்தானையை வாயில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படிப்பா?" என்றார் காண்ட்ராக்டர்.

"லேசா எரியுது சார், தொண்டையில. ரொம்ப நாள் ஆச்சுல்ல."

"இன்னொண்ணு?"

மாமா காலிக் கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடினார். "போதும் சார்."

காண்ட்ராக்டர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "காலைல வந்துடு. பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம், நாலு லிஃப்ட். நீதான் பாக்கணும்."

*

அவரை வழியனுப்பிவிட்டு மாமா நேராக அடுக்களைக்கு வந்தார். அளவுகோல் கழுவிக்கொண்டிருந்த கிளாஸை வாங்கித் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றார். "நான் இத்தனை நாளும் பயந்துக்கிட்டேதான் கிடந்தேன். வெளிய காட்டிக்கலை. ஒரு சொட்டு நாக்குல பட்டாலும் பழைய ஆள் எந்திரிச்சிடுவான்னு. சரக்குக் கடை இருக்குன்னு கடைத் தெருப் பக்கமே போகாம சுத்திச் சுத்தி நடந்திருக்கேன். செருப்பே தேஞ்சு போச்சு. இன்னிக்கு ஒரு கிளாஸ் முழுசா உள்ள போச்சு. எவனும் எந்திரிக்கலை." அவர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னியோட அந்தப் பயம் போச்சு."

அளவுகோல் குழாயை மூடினாள். இதுவரை அவரைக் காத்தது காப்பியில் கரைந்தது இல்லை. அந்தப் பயம்தான் காத்தது. அதைத்தான் அவள் இஞ்சியும் தேநீரும் கலந்து இன்றைக்குக் கழுவிவிட்டிருந்தாள்.

"மாமா..." என்றாள்.

"என்ன?"

வாசலில் அக்கா வந்து நின்றாள். கெஞ்சுகிற முகமாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. சும்மா நின்றாள்.

"காலைல சீக்கிரம் போகணுமில்ல. படுங்க மாமா."

அவர் போனதும் அக்கா சொன்னாள்: "நாளையிலேருந்து போட வேணாம். நிறுத்திடலாம். நீ சொன்னதுதான் சரி."

"நிறுத்தினாலும் உடம்புல ரெண்டு வாரம் இருக்கும்க்கா. தாள்ல போட்டிருக்கு."

"ரெண்டு வாரத்துல என்ன ஆயிடப் போகுது? வேலை கிடைச்சிருக்கு. அவர் கவனம் அதுலதான் இருக்கும். ஒரு வாரம் போகட்டும், நானே பக்குவமாச் சொல்றேன். முதல் நாள் வேலைக்குப் போறவர்கிட்டயா சொல்றது?"

மறுபடி இரண்டு பக்கமும் சரியாக இருக்கிற மாதிரி தோன்றியது. காலையில் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தாள். காலையில் அவள் எழுந்தபோது மாமா கிளம்பிப் போயிருந்தார். தன் கருவிப் பையை முந்தின இரவே எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தாராம். காப்பிகூடக் குடிக்கவில்லையாம்.

*

சாயங்காலம், வேலை முடிந்த கொஞ்ச நேரத்தில் தொலைபேசி வந்தது. மாமாவோடு வேலை பார்க்கிறவன். அவன் பேசியதில் பாதி அழுகை.

அவர்கள் போனபோது மாமா அவசரப் பிரிவில் கட்டிலில் கிடந்தார். முகமும் மார்பும் வெந்நீர் கொட்டியது போலச் சிவந்திருந்தன. மூச்சு, ஏற்றத்தில் திணறும் பழைய வண்டி மாதிரி இழுத்தது. மூக்குக்கும் வாய்க்கும் மேல் முகமூடி. வாந்தி எடுத்த சட்டையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார்கள்.

"பாதி கிளாஸ் பியர்தான்க்கா, சத்தியமா" என்றான் கூட வேலை செய்கிறவன். "நாங்க வேணாம்னுதான் சொன்னோம். அவர்தான், 'நேத்து முதலாளி முன்னாலயே குடிச்சேன், நான் ஒண்ணோட நிறுத்துறவன்டா'ன்னு சிரிச்சுக்கிட்டே எடுத்தார். பாதிலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டார். பியர்ல எவனாவது விஷம் வச்சுட்டானோன்னு..."

பெண் டாக்டர் அவனை நகரச் சொல்லிவிட்டு அக்காவிடம் கேட்டார். "ரத்த அழுத்தம் அடியோட இறங்கிப் போச்சு. இவர் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா?"

அக்கா உடனே, "இல்லைங்க" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எதுவானாலும்."

அக்கா தரையைப் பார்த்தாள். கட்டிலில் மாமாவின் கண்கள் திறந்திருந்தன. நினைவு இருந்தது. முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் டாக்டரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தன.

"சாப்பிடுறார்" என்றாள் அளவுகோல். மாத்திரையின் பெயரைச் சொன்னாள். "காப்பியில கலந்து குடுத்தோம். அவருக்குத் தெரியாது. கடைசியா நேத்து காலைல."

டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்தார். திட்டவில்லை. திரும்பி, நர்ஸிடம் வேகமாக எதையோ சொல்லத் தொடங்கினார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

*

அடுத்த நாள் மதியம் முகமூடியை எடுத்துவிட்டார்கள். அக்கா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். மாமா மேலே விட்டத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அன்னிக்கு நீ குடுத்தது?"

"திராட்சைச் சாறு மாமா. அன்னாசி, ஆரஞ்சு, எலுமிச்சை. ஆறின தேத்தண்ணி."

"ஒயின்?"

"இல்ல."

"தொண்டை எரிஞ்சுதே."

"இஞ்சி."

உதிரிபாகம் எது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் போலத் தலையாட்டினார். "நல்லாத்தான் போட்டிருந்தே." பிறகு, "காப்பியில எப்பலேருந்து?"

"நீங்க விட்ட மறுநாள்லேருந்து."

"அப்ப நான் விடலை."

"நீங்கதான் மாமா விட்டீங்க." அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இதை மட்டுமாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும். "அந்த மாத்திரை ஆசையை நிறுத்தாது. சும்மா உடம்புல கிடக்கும். குடிச்சாத்தான் வேலை செய்யும். நீங்க குடிக்கவே இல்லையே. அதுக்கு வேலையே இல்லாமப் போச்சு. இத்தனை நாளும் நிறுத்தினது நீங்க மட்டும்தான். சத்தியமா."

அவர் முதல் முறையாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"இதைச் சொல்றது யாரு?" என்றார். "நீ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். வெறும் சந்தேகமாகத்தான் கேட்டார், கடையில் பழத்தைத் திருப்பிப் பார்க்கிறவர் மாதிரி. அவள் சொன்னது உண்மை. அவளிடமிருந்து வந்ததால் அதற்கு இப்போது விலை இல்லை.

மாலையில் டாக்டர் வந்து பார்த்தார். மருந்து முழுசாக வெளியேற இரண்டு வாரம் ஆகும், அதுவரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார்.

"ரெண்டு வாரம் கழிச்சு?" என்று கேட்டார் மாமா.

"அப்புறம் உங்க கையில இருக்கு. வேணும்னா தெரிஞ்சே, எங்க பார்வையில இதே மாத்திரையைச் சாப்பிடலாம். பல பேருக்கு உதவியா இருக்கு."

"வேணாங்க. முதல்ல உடம்பு காலியாகட்டும். உள்ள யார் இருக்கான்னு நான் பாக்கணும்."

காண்ட்ராக்டரிடம் அக்கா தானே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். "ஒண்ணோட நிறுத்துறவன்னு நம்பி வச்சேன். நான் பாத்தது பழச்சாறு. நீங்க பாத்தது மாத்திரை. அப்ப நான் யாரை வேலைக்கு வச்சேன், சொல்லுங்க?" என்று, அந்த மெல்லிய குரலிலேயே கேட்டாராம். அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். சாப்பாட்டைப் பாத்திரத்திலிருந்து தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். வைத்துக் கொடுத்தால், "இருக்கட்டும்" என்று தள்ளி வைத்தார். ஒரு நாள் அக்கா பொறுக்க முடியாமல் அவர் எதிரிலேயே அந்தச் சோற்றை ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டுக் காட்டினாள். மாமா, "நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார். அக்கா கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். இடையில் அளவுகோல் தேர்வுக்குப் போனாள். கை தானாக அளந்து ஊற்றியது. தேறிவிட்டாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வாரம் முடிந்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்தில், மாமா தலை வாரிக்கொண்டு வெளியே வந்தார்.

"எங்கேங்க?" என்றாள் அக்கா.

"வெளிய."

"எப்ப வருவீங்க?"

"வருவேன்."

அவர் படியிறங்கித் தெருவில் கால் வைத்ததுமே அக்கா தங்கையின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போ. பின்னாடியே போ. கிட்டப் போக வேணாம். எந்தப் பக்கம் திரும்புறார்னு மட்டும் பாத்துட்டு வா."

அளவுகோல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். தெரு முனையில் மாமா நின்றிருந்தார். குறுக்கே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வலப்பக்கம் போனால் பஸ் நிறுத்தம், பூங்கா. இடப்பக்கம் போனால் கடைத் தெரு. அவர் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, வண்டிகள் ஓய்வதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த முதுகு, யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருக்கிற முதுகாக இருந்தது.

இப்போது அவர் வலப்பக்கம் திரும்பினால், அவள் பின்னால் நிற்பதால் திரும்பியதாக ஆகலாம். இடப்பக்கம் திரும்பினாலும் அதுவேதான். அவள் நிற்கிறவரை அங்கே அவர் தனியாக இல்லை.

வண்டிகள் ஓய்ந்தன. அவர் காலை எடுத்து வைப்பதற்குள் அவள் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "எந்தப் பக்கம் போனார்?"

"பாக்கலைக்கா."

"பாக்கலைன்னா? அதுக்குத்தானேடி அனுப்பினேன்."

"பாக்கலை."

அக்கா அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இறக்கினாள். இருவரும் வாசற்படியிலேயே, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.